‘என் வீடு’ என்று பெயர் – எவர் வீடு?

1985ஆம் ஆண்டு, அக்டோபர்த் திங்கள் 18ஆம் நாள், வெள்ளிக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகர் மத்தியச் சிறையிலே ஒருவர் தூக்கிலிடப்பட்டார். பெயர் பெஞ்சமின் மொலாய்சி. அகவை 30. தொழிலாளி, கவிஞர், கறுப்பர். காவலர் ஒருவரைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டித் தண்டித்தனர். அச்செயலைச் செய்தவர் மொலாய்சி அல்லர், எம் இயக்கத்தினரே என்று ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் அறிவித்தது. உலகின் பல திசைகளிலிருந்தும் கருணை வேண்டி மடல்கள் பறந்தன. நிறவெறி அரசின் செவிகள் திறக்கவில்லை. தூக்குக் கயிறு இறுகிற்று.

மறுநாள், 19ஆம் நாள், சனிக்கிழமை. அதே பிரிட்டோரியாவுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே உள்ள கயலாமி என்னும் ஓடுதளத்தில் உலகத்தின் விரைவான கார்கள் உறுமின. கொடி அசைந்தது, கூட்டம் ஆர்ப்பரித்தது, பொன்னிறக் கோப்பை கைமாறிற்று. தென்னாப்பிரிக்க கிராண்ட் ப்ரீ பந்தயம் இனிதே நடந்தேறிற்று! இங்கிலாந்தின் நைஜல் மான்செல் வென்றார் என்று மறுநாள் ஏடுகள் எழுதின.

சிறைக்கும் ஓடுதளத்துக்கும் இடையே அதிகத் தொலைவு இல்லை. தூக்குக்கும் கோப்பைக்கும் இடையே ஒரே ஓர் இரவு!

“ஏன் ஓடினீர்?” என்று கேட்டவர்க்கு என்ன விடை கிடைத்தது? “விளையாட்டிலே அரசியலைக் கலக்காதீர்!” எவ்வளவு அழகான வாக்கியம்! எவ்வளவு தூய்மையான கொள்கை! கேட்பவர் நாணித் தலைகுனிய வேண்டும். கேள்வியே குற்றம் என்று ஆகிவிட வேண்டும். அப்படித்தானே அந்த வாக்கியத்தை வார்த்தெடுத்து வைத்திருக்கிறார்கள்?

நன்று. அந்தக் கொள்கை பொன்தானா, பூச்சுதானா என்பதைத் தென்னாப்பிரிக்கப் பந்தயத்தின் வரலாறு என்னும் உரைகல்லிலே உரைத்துப் பார்ப்போம்.

இளவரசர் பெயரில் ஒரு பாதை

1934ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், கீழைக் கடற்கரையில் உள்ள ஈஸ்ட் லண்டன் நகரில் முதல் பந்தயம் நடந்தது. கடலோரச் சாலைகளை இணைத்து ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளப் பாதை. அதற்குப் பெயர் இங்கிலாந்து அரச குடும்பத்து இளவரசர் ஜார்ஜின் பெயர். வென்றவர் விட்னி ஸ்ட்ரெயிட் என்னும் செல்வந்த இளைஞர். ஓட்டியது இத்தாலிய மாசெராட்டி கார்.

அந்தப் பாதை ஓடிய மண் எவருடைய மண்? 1913ஆம் ஆண்டிலேயே நிலச் சட்டம் ஒன்று வந்துவிட்டது. நாட்டின் பெரும்பான்மையரான கறுப்பின மக்களுக்கு நூற்றுக்கு ஏழு பங்கு நிலம். எஞ்சியதில் அவர்கள் நிலம் வாங்கவும் உரிமை இல்லை. இரண்டாம் பந்தயம் 1936 சனவரி முதல் நாள் நடந்தது. அதே 1936இல்தான், கேப் மாநிலத்துக் கறுப்பின வாக்காளர்களின் பெயர்கள் பொது வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்படச் சட்டம் செய்தார்கள். ஈஸ்ட் லண்டன் இருந்தது அந்தக் கேப் மாநிலத்தில்! கார்களின் பெயர்கள் பட்டியலில் ஏறின. மனிதர்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து இறங்கின.

1937இல் வந்த விருந்தினர் யார் தெரியுமா? ஹிட்லர் அரசின் பொருளுதவியோடு வளர்ந்த ஆட்டோ யூனியன் கார்கள்! ஜெர்மனியின் புகழ்பெற்ற ஓட்டுநர் பெர்ண்ட் ரோசமையர் அந்தக் காரோடு ஈஸ்ட் லண்டன் வந்தார். ஜெர்மனியின் எந்திர வலிமையை உலகுக்குக் காட்டும் விளம்பரப் பலகை அது. “விளையாட்டிலே அரசியல் கூடாது” என்று அன்று எவரும் எழுந்து சொல்லவில்லை. ஆட்சியாளர் அரசியல் செய்தால் அது விழா. ஆளப்படுவோர் அரசியல் பேசினால் அது விதிமீறல்!

போர் வந்தது, பந்தயம் நின்றது. மீண்டும் அது எழுந்து வருவதற்குள் 1948இல் தேசியக் கட்சி அரசேறிவிட்டது. 1950இல் மக்களைப் பிறப்பால் இனம் பிரித்துப் பதிவு செய்யும் சட்டம். அதே ஆண்டில் இன்ன இனத்தார் இன்ன பகுதியிலேதான் வாழலாம் என்னும் சட்டம். 1953இல் பொது இடங்களைத் தனித்தனியே பிரித்துவைக்கும் சட்டம். நிறவெறி, பழக்கமாக இருந்தது போய் நாட்டின் சட்டப் புத்தகமாயிற்று.

இரு பந்தயங்களுக்கு இடையே 69 பிணங்கள்

1960ஆம் ஆண்டைப் பாருங்கள். அந்த ஓர் ஆண்டிலே ஈஸ்ட் லண்டனில் இரண்டு முறை தென்னாப்பிரிக்க கிராண்ட் ப்ரீ நடந்தது. முதலாவது, சனவரி முதல் நாள். பெல்ஜியத்தின் பால் ஃபிரேர் வென்றார். இரண்டாவது, டிசம்பர் 27. இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் மாஸ் வென்றார்.

இடையே நடந்தது என்ன? மார்ச் 21, ஷார்ப்வில்! கடவுச்சீட்டுச் சட்டத்தை எதிர்த்துக் காவல் நிலையத்தின் முன் கூடிய மக்கள்மீது காவலர் சுட்டனர். 69 பேர் மாண்டனர். அடுத்த மாதமே ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தடை செய்யப்பட்டது. உலகம் திடுக்கிட்டது, பந்தய உலகம் திடுக்கிடவில்லை. டிசம்பரில் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிற்று.

1962 டிசம்பர் 29. அப்போதுதான் ஈஸ்ட் லண்டன் பந்தயம் உலகச் சாம்பியன் போட்டியில் முதன்முதலாக இடம்பெற்றது. பட்டத்தை முடிவுசெய்யும் இறுதிப் பந்தயமே அது. முன்னணியில் ஓடிய ஜிம் கிளார்க்கின் காரில் எண்ணெய் ஒழுகிற்று. கிரகாம் ஹில் வென்று உலகச் சாம்பியன் ஆனார். அதற்குச் சரியாக 52 நாள் முன்னே, நவம்பர் 7ஆம் நாள், நெல்சன் மண்டேலா என்னும் வழக்கறிஞருக்கு ஐந்தாண்டுச் சிறை விதித்தது அந்நாட்டு நீதிமன்றம். அடுத்த ஆண்டு டிசம்பரில் கிளார்க் வென்றபோது ரிவோனியா வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1964 சூனில் மண்டேலாவுக்கு வாழ்நாள் சிறை. 1965 புத்தாண்டு நாளில் கிளார்க் மீண்டும் வென்றார். நாட்காட்டியை எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள், தோழர்களே! ஒரு பக்கம் சிறைக் கதவு மூடும் ஓசை; மறுபக்கம் அதை மறைக்க எந்திரத்தின் ஓசை.

பெயரிலே வீடு

1967இல் பந்தயம் ஈஸ்ட் லண்டனை விட்டுக் கயலாமிக்குக் குடிபெயர்ந்தது. கயலாமி! சூலு மொழியிலிருந்து வந்த பெயர். ‘என் வீடு’ என்று பொருள்.

எவர் வீடு? சூலு மொழி பேசியவன் வெள்ளையர் நகரத்திலே கடவுச்சீட்டு இன்றி நடமாட முடியாது. ஈஸ்ட் லண்டனின் டங்கன் வில்லேஜ் பகுதியிலிருந்து கறுப்பின மக்களைப் பெயர்த்தெடுத்து, நகருக்கு அப்பால் மிதான்ட்சானே என்னும் இடத்திலே கொட்டினார்கள். அதே காலத்தில் அதே நகரின் ஓடுதளத்தில் கார்கள் வட்டமிட்டன. மக்களிடமிருந்து வீட்டைப் பறித்தவர்கள், ‘வீடு’ என்ற சொல்லை மட்டும் எடுத்துத் தம் பந்தயத் திடலின் வாயிலிலே பொறித்துக்கொண்டார்கள். மண்ணைத் திருடியவன் மொழியையும் விட்டுவைக்கவில்லை!

கயலாமியின் முதல் பந்தயத்திலே வெற்றியின் விளிம்பு வரை வந்து, எரிபொருளுக்காக நின்று, இரண்டாமிடம் பெற்றவர் ரொடீசியாவின் ஜான் லவ். அந்த ரொடீசியா எது? சிறுபான்மை வெள்ளையர் ஆட்சியைக் காப்பதற்கென்றே 1965இல் தன்னிச்சையாக விடுதலை அறிவித்துக்கொண்ட நாடு. 1966இல் ஐக்கிய நாடுகள் அவை பொருளாதாரத் தடை விதித்த நாடு. மறு ஆண்டு, 1968 சனவரி முதல் நாள், அதே ஜான் லவ்வின் குழு, கன்ஸ்டன் என்னும் சிகரெட்டின் வண்ணத்தைக் காரெங்கும் பூசிக்கொண்டு கயலாமியில் இறங்கிற்று. உலகச் சாம்பியன் போட்டியிலே விளம்பர வண்ணம் பூசிய கார்கள் முதன்முதலாக ஓடியது அங்கேதான். வாணிகம் வரலாம், சிகரெட்டு வரலாம், தடைவிதிக்கப்பட்ட ஆட்சியின் நாட்டிலிருந்து குழு வரலாம். மனிதநேயம் மட்டும் வாயிலில் நின்று அனுமதிச் சீட்டு காட்ட வேண்டும்!

மற்றவர் செய்தது என்ன?

“எல்லோரும் அப்படித்தானே இருந்தார்கள்?” என்று இன்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். இல்லை. எல்லோரும் அப்படி இருக்கவில்லை.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு இடம் மறுக்கப்பட்டது. 1970இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே அது வெளியேற்றப்பட்டது. அதே 1970இல் அந்நாட்டுக் கிரிக்கெட் குழுவின் இங்கிலாந்துப் பயணம் மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 1976இல் உலகக் கால்பந்துக் கழகம் அந்நாட்டை வெளியேற்றிற்று. 1977இல் காமன்வெல்த் நாடுகள் கிளெனீகிள்சில் கூடி, நிறவெறி நாட்டோடு விளையாட்டு உறவை ஊக்குவிப்பதில்லை என்று உறுதி பூண்டன.

நம் நாடு என்ன செய்தது? 1946லேயே, விடுதலை பெறுமுன்பே, தென்னாப்பிரிக்காவோடு வாணிகத்தை முறித்த முதல் நாடு இந்தியா. 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டிக்கு இந்தியா வந்து நின்றது. எதிர்நின்றது தென்னாப்பிரிக்கா. நம் சென்னையின் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் ஆடிய குழு அது. கைக்கெட்டும் தூரத்தில் உலகக் கோப்பை! ஆனால் இந்தியா ஆட மறுத்தது. ஆடாமலே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. ஆட்டக்காரனுக்கு அது எத்துணைப் பெரிய இழப்பு! இளமையும் ஆற்றலும் உச்சத்தில் இருக்கும்போது வரும் வாய்ப்பு அது. திரும்ப வராமலும் போகலாம். அந்த இழப்பை ஏற்றார்கள். கொள்கை என்றால் அதற்கொரு விலை உண்டு. விலை கொடுக்காத கொள்கை வெறும் வாய்ச்சொல்.

நமக்கு அந்த மண்ணோடு உறவும் உண்டு. 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல், ஒப்பந்தக் கூலிகளாக நம்மவரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோயிற்று. அவர்தம் உரிமைப் போரிலே சிறைபுகுந்து, நோயுற்று, 1914இல் 16 வயதில் மறைந்தாளே தில்லையாடி வள்ளியம்மை, அவள் பிறந்து வளர்ந்தது ஜோகன்னஸ்பர்க்கில்! அந்த மக்களின் வழித்தோன்றல்களையும் நிறவெறிச் சட்டம் டர்பன் நகரத்து வீடுகளிலிருந்து விரட்டியது. ஆகவே அது எங்கோ நடந்த யாருடைய துயரமோ அன்று.

இத்தனையும் நடந்த ஆண்டுகளிலே கயலாமியில் என்ன நடந்தது? 1967 முதல் 1985 வரை ஆண்டு தவறாமல் பந்தயம்! 1976 மார்ச்சிலும் பந்தயம். அவ்வாண்டு சூனில் சோவெட்டோவில் பள்ளிச் சிறார்மீது துப்பாக்கிச் சூடு. 1977 மார்ச்சிலும் பந்தயம். தீயணைப்புக் கருவியோடு ஓடுதளத்தைக் கடந்த 19 வயதுப் பணியாளர் மீது டாம் பிரைசின் கார் மோதி, இருவரும் அந்த இடத்திலேயே மாண்டனர். அப்போதும் பந்தயம் நிற்கவில்லை. தம்மவர் பிணத்தைக் கண்டும் நில்லாத சக்கரம், பிறர் பிணத்துக்கா நிற்கப் போகிறது?

ஓட்டுநருக்குக் கைகள் இல்லையா?

“ஓட்டுநர்கள் ஊதியத்துக்கு உழைப்பவர்கள், ஒப்பந்தத்தால் கட்டுண்டவர்கள், அவர்களால் என்ன செய்ய முடியும்?” இதுவும் நாம் கேட்ட வாதந்தான். இதற்கு விடை கயலாமியே சொல்கிறது.

1982 சனவரி. ஓட்டுநர் உரிமச் சீட்டிலே தங்களைக் குழுக்களோடு கட்டிப்போடும் விதி புகுத்தப்பட்டதென்று ஓட்டுநர்கள் கொதித்தெழுந்தனர். நிக்கி லாடாவும் டிடியே பிரோனியும் தலைமை ஏற்றனர். ஏறத்தாழ அனைவரும் ஒரு பேருந்தில் ஏறி, கயலாமியை விட்டு வெளியேறி, ஜோகன்னஸ்பர்க் விடுதி ஒன்றின் கூடத்திலே ஒன்றாகப் படுத்துறங்கினர். பயிற்சி ஓட்டத்தின் முதல் நாள் ஓடவில்லை. நிருவாகம் இறங்கி வந்தது. வேலைநிறுத்தம் வென்றது!

அதை நாம் பழிக்கவில்லை. உழைப்பவன் ஒன்றுபட்டால் வெல்வான் என்பதற்கு அதுவும் ஒரு சான்று. நாம் கேட்பது ஒன்றே: தம் உரிமச் சீட்டுக்காக நிற்கத் தெரிந்த கால்கள், கடவுச்சீட்டு இல்லையென்று ஆயிரமாயிரம் கறுப்பர்கள் சிறையில் தள்ளப்பட்ட அதே ஊரில், அவர்களுக்காக ஏன் நிற்கவில்லை?

அதற்கு முந்தைய ஆண்டையும் பாருங்கள். 1981இல் பந்தயக் குழுக்களின் கூட்டமைப்புக்கும் உலக நிருவாகத்துக்கும் பணத்துக்காகவும் அதிகாரத்துக்காகவும் போர் மூண்டது. அதன் விளைவாகக் கயலாமிப் பந்தயத்துக்குச் சாம்பியன் புள்ளியே இல்லாமற் போயிற்று. அரசியல் இல்லையா இது? பணப்பையின் அரசியல் அனுமதிக்கப்படும். பசித்தவனின் அரசியல் தடுக்கப்படும். இதுதானே அந்தத் தூய கொள்கையின் உண்மை உருவம்?

1985க்கு வருவோம். சூலையில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, படைகள் கறுப்பர் குடியிருப்புகளில் உலவின. பிரெஞ்சு அரசின் வற்புறுத்தலை ஏற்று ரெனோ, லிஜியே ஆகிய இரு குழுக்கள் விலகின. வேறு சில விளம்பர நிறுவனங்கள் செய்த தந்திரம் இருக்கிறதே, அது நகைப்புக்குரியது: கார் ஓடட்டும், அதன்மீது எம் பெயர் மட்டும் வேண்டாம் என்றன! முகத்தை மறைத்துக்கொண்டு விருந்துக்குப் போனவனின் கதை. பெயரைத் துடைத்தால் பழி துடைபடுமா? வெட்கம் வந்ததால் பெயரை மறைத்தார்களா, வாணிகம் கெடும் என்பதால் மறைத்தார்களா? விடை வாசகர் அறிவார்.

ஆனாலும் உலகின் சினம் வென்றது. அவ்வாண்டு டிசம்பர் 10ஆம் நாள் விளையாட்டில் நிறவெறிக்கு எதிரான உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் அவை ஏற்றது. 1986 முதல் 1991 வரை தென்னாப்பிரிக்கா பந்தயப் பட்டியலில் இல்லை. ஓட்டுநரும் முதலாளியும் செய்யாததை ஊர்வலம் சென்றோரும் உண்ணாமல் கிடந்தோரும் சிறைபுகுந்தோரும் செய்தார்கள்.

“புறக்கணிப்பால் துன்புறுவது கறுப்பின மக்களே” என்று அன்று கண்ணீர் வடித்தார்கள் சிலர். அந்த மக்களின் இயக்கங்களே “எங்களைப் புறக்கணியுங்கள்” என்று கேட்டபோது, அவர்களுக்காக அழ இவர்கள் யார்? கயலாமியின் கூட்டம் குறைந்ததால் எந்தக் கறுப்புக் குழந்தையின் உணவுத் தட்டு காலியாயிற்று? அந்நாட்டின் ஜோடி ஷெக்டர் 1975இல் கயலாமியில் வென்றார். 1979இல் உலகச் சாம்பியன் ஆனார். அவர் திறமையை மறுப்பார் இல்லை. ஆனால் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான வெள்ளையரிடையேதானா திறமை பிறந்தது? பந்தயம் நடந்த அத்தனை ஆண்டுகளிலும் அந்நாட்டின் கறுப்பர் ஒருவருக்கேனும் உலகச் சாம்பியன் போட்டியில் கார் கிடைத்ததா? இல்லை. உலகெங்கும் தேடினாலும், 2007இல் இங்கிலாந்தின் லூயிஸ் ஹாமில்டன் வரும்வரை ஒரு கறுப்பின ஓட்டுநர் அந்தப் போட்டியில் இல்லை.

வராத பந்தயம்

1990இல் மண்டேலா வெளியே வந்தார். 1991இல் நிறவெறியின் தூண்களான சட்டங்கள் நீக்கப்பட்டன. புதுக்கி அமைத்த கயலாமியில் 1992 மார்ச் முதல் நாள் மான்செல்லும், 1993 மார்ச் 14இல் அலேன் பிராஸ்ட்டும் வென்றனர். பிறகு பணமுடையால் பந்தயம் நின்றது.

எப்போது வந்தது உண்மை விடுதலை? 1994 ஏப்ரல் 27. அன்றுதான் அந்நாட்டு மக்கள் அனைவரும் வரிசையில் நின்று வாக்களித்தனர். இந்த இரு நாட்களையும் சேர்த்துப் படியுங்கள், தோழர்களே! 1934 முதல் 1993 வரை நடந்த ஒவ்வொரு தென்னாப்பிரிக்க கிராண்ட் ப்ரீயும் பெரும்பான்மை மக்களுக்கு வாக்குரிமை இல்லாத காலத்திலே நடந்தது. மக்கள் ஆட்சி மலர்ந்த பின் 2025 வரை அங்கே ஒரு பந்தயமும் நடக்கவில்லை. நிறவெறிக்கு விருந்தினராக வந்தவர்கள், விடுதலைக்கு விருந்தினராக வரவில்லை!

மக்கள் ஆட்சியை வெறுத்துத்தான் வரவில்லை என்று நாம் சொல்லவில்லை. பணம் இருந்த இடத்துக்குப் போனார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ என்பதிலேதான் முழுக் கதையும் இருக்கிறது. அவர்கள் ‘அரசியல் வேண்டாம்’ என்றதன் பொருள் ‘எவர் ஆண்டால் எமக்கென்ன, எவர் மாண்டால் எமக்கென்ன’ என்பதே.

இது பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2011இல் பஹ்ரைன் நாட்டில் மக்கள் கிளர்ந்தெழுந்ததால் அவ்வாண்டுப் பந்தயம் நடக்கவில்லை. 2012 ஏப்ரலில் நடந்தது. பந்தயத்துக்கு முந்தைய நாள், போராட்டக்காரர் ஒருவரின் உடல் கண்டெடுக்கப்பட்டது. மறுநாள் கார்கள் ஓடின! 1985ஐ நினைவூட்டவில்லையா? 2022 டிசம்பரில் உலக மோட்டார் பந்தய நிருவாகம், முன்னிசைவு இன்றி ஓட்டுநர் அரசியல் கருத்து வெளியிடலாகாது என்று விதி செய்தது. ஹாமில்டன் போன்றோர் பேசாதிருக்க மாட்டோம் என்றனர். அவர்களுக்கு நம் பாராட்டு. 1982இல் உரிமச் சீட்டுக்காக எழுந்த குரல், நாற்பதாண்டு கழித்து உரிமைக்காகவும் எழுந்ததே!

தென்னாப்பிரிக்காவுக்கு மீண்டும் பந்தயம் வர வேண்டும் என்னும் பேச்சு பலமுறை எழுந்திருக்கிறது. மக்கள் வாழும் கண்டங்களுள் ஆப்பிரிக்கா ஒன்றே இந்தப் போட்டியின் பட்டியலில் நெடுங்காலமாக இடம்பெறாதது. வரட்டும்! நாம் வேண்டாம் என்னவில்லை. விரைவு அழகுதான், எந்திரத்தின் நுட்பமும் வியப்புக்குரியதுதான். ஆனால் வரும்போது எப்படி வர வேண்டும்? மறதியின் மீது தார் ஊற்றிக்கொண்டு வரக்கூடாது. வென்றவர்களின் பெயர்ப் பலகைக்குப் பக்கத்திலே, அந்நாட்களில் அடைபட்டவர்களின் பெயர்களும் இடம்பெற வேண்டும். 1985 அக்டோபர் 19க்கு எதிரே, அக்டோபர் 18ஐயும் பொறிக்க வேண்டும். மிதான்ட்சானேயின் பிள்ளை வேலிக்கு அப்பால் நின்று ஓசையை மட்டும் கேட்கும் நிலை மாறி, காரின் கைப்பிடிச் சக்கரத்தைப் பற்றும் வழி பிறக்க வேண்டும். அன்றுதான் கயலாமி என்னும் சொல் தன் பொருளைத் திரும்பப் பெறும்.

தோழர்களே! நாளை எந்த அரங்கிலும், எந்த ஆடுகளத்திலும், “இதிலே அரசியலைக் கலக்காதீர்” என்று எவரேனும் உங்களிடம் சொன்னால், சினவாதீர், ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: “ஏற்கெனவே கலந்திருக்கும் அரசியல் எவருடையது?”

அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் எவர் காரை ஓட்டினாலும், அது ஓடுவது தார்ச்சாலையில் அன்று. எவரோ ஒருவரின் வீட்டின் மீது!